ஏமாற்றமும் ஒரு திறனாய்வே: ஆங்கிலப் பேய்ப் புதினத்தின் முதல் அரை நூற்றாண்டு



முன்னுரை

நூலகத்திலிருந்து பேய்க்கதை ஒன்றை ஆவலோடு எடுத்துச் சென்ற மாணவர், இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பித் தருகிறார். "எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். "ஏமாந்துவிட்டேன், ஐயா" என்கிறார். அதற்குமேல் அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வேறொரு நூலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதே மாணவர் தேர்வில் நூல்நயம் எழுத நேர்ந்தால், கதையோட்டம் சிறப்பு என்றும் நடை அருமை என்றும் எழுதுவார். நாமும் மதிப்பெண் வழங்குவோம். ஆனால் அந்நூலைப் படித்தபோது அவர் உண்மையாக உணர்ந்த ஒன்று தாளில் இடம்பெறாமலே போய்விடும்.

இவ்வுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. ஏமாற்றம் என்பது வாசிப்பின் தோல்வியன்று; காரணத்தோடு எடுத்துரைக்கப்படுமாயின் அது திறனாய்வின் தொடக்கமாகும். இதற்குச் சான்றாக, ஆங்கில இலக்கியத்தில் பேய்ப் புதினம் பிறந்து வளர்ந்த 1764 முதல் 1817 வரையிலான காலப்பகுதியை எடுத்துக்கொள்வோம். இந்த வகை இலக்கியத்தின் வரலாற்றை எழுத்தாளர்களின் வரலாறாகவே சொல்வது வழக்கம். அதை ஏமாந்த வாசகர்களின் வரலாறாகவும் சொல்ல முடியும் என்பதே நம் துணிபு.

தொடங்குமுன் சொல்லைச் சற்று நோக்குவோம். தமிழில் 'ஏமாற்றம்' என்ற ஒரே சொல் இரு பொருளைத் தாங்கி நிற்கிறது. எதிர்பார்த்தது கிட்டாத மனவருத்தம் ஒன்று; பிறரால் வஞ்சிக்கப்படுதல் மற்றொன்று. 'ஏமாந்தேன்' என்று ஒருவர் கூறும்போது, தம் எதிர்பார்ப்புப் பிழையா, எதிரிலிருந்தவரின் சூழ்ச்சியா என்பது உடனே விளங்குவதில்லை. இந்த இரட்டைப் பொருள் நம் ஆய்வுக்கு மிகவும் துணைபுரியும். ஏனெனில் ஆங்கிலத்தின் முதல் பேய்ப் புதினம் தன் வாசகரை இரண்டு வகையிலும் ஏமாற்றியது.

ஒரு கனவும் ஒரு பொய்யும்

1764ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முதல் நாள், லண்டனில் 'ஒட்ரான்டோ கோட்டை' என்னும் சிறு புதினம் வெளிவந்தது. ஒட்ரான்டோ என்பது தென் இத்தாலியிலுள்ள ஒரு துறைமுக நகரம். அந்நகரத் தேவாலயத்தைச் சேர்ந்த ஒனுப்ரியோ முரால்டோ என்பவர் இத்தாலிய மொழியில் எழுதியதை வில்லியம் மார்ஷல் என்பவர் மொழிபெயர்த்தார் என்று தலைப்புப் பக்கம் கூறியது. மூல நூல் 1529இல் நேப்பிள்சு நகரில் அச்சானது என்றும், வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது என்றும் முன்னுரை விரித்துரைத்தது.

இவை யாவும் புனைவே. நூலை எழுதியவர் ஹோரேஸ் வால்போல். இங்கிலாந்தின் முதன்மை அமைச்சராய் நெடுங்காலம் விளங்கிய சர் ராபர்ட் வால்போலின் மகன். தாமும் நாடாளுமன்ற உறுப்பினர். தேம்ஸ் ஆற்றங்கரையில் டுவிக்கன்ஹாமில் இருந்த தம் வீட்டைக் கூர்மையான வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட இடைக்காலக் கோட்டைபோல் மாற்றியமைத்து, அதற்கு 'ஸ்ட்ராபெரி ஹில்' எனப் பெயரிட்டு வாழ்ந்தவர். அவ்வீட்டிலேயே சொந்த அச்சகம் வைத்திருந்தும், இந்நூலை அங்கே அச்சிடாமல் வேறொரு பதிப்பாளரிடம் கொடுத்தார். நகைப்புக்கு ஆளாகிவிடுவோமோ என்னும் தயக்கம் அவருக்கு இருந்தது.

நூல் பிறந்த விதத்தைப் பின்னர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெரிவித்திருக்கிறார். 1764 ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் கனவு கண்டார். கனவில் ஒரு பழைய கோட்டை. அதன் பெரிய மாடிப்படியின் உச்சிக் கைப்பிடியில் கவசமணிந்த பேருருவக் கை ஒன்று. அன்று மாலையே எழுத அமர்ந்தார். இரண்டு மாதத்திற்குள் முடித்துவிட்டார்.

கதை இது. ஒட்ரான்டோவின் அதிபன் மான்ஃபிரெட். அவனுடைய ஒரே மகனின் திருமண நாளன்று, எங்கிருந்தோ விழுந்த மாபெரும் தலைக்கவசம் ஒன்று மணமகனை நசுக்கிக் கொன்றுவிடுகிறது. வாரிசை இழந்த மான்ஃபிரெட் தன் மனைவியைத் தள்ளிவிட்டு, மகனுக்கென வந்த இசபெல்லாவைத் தானே மணக்கத் துணிகிறான். அவள் கோட்டையின் அடிநிலச் சுரங்கவழியே தப்பியோடுகிறாள். பாட்டனின் ஓவியம் பெருமூச்செறிந்து சட்டத்தைவிட்டு இறங்கி நடக்கிறது. நூறு பேர் சுமக்கவேண்டிய வாள் ஒன்று வந்து சேர்கிறது. சிலையின் மூக்கிலிருந்து மூன்று துளி இரத்தம் சொட்டுகிறது. இறுதியில், வஞ்சகத்தால் நாட்டை இழந்த பழைய அதிபன் அல்ஃபோன்சோவின் பேருருவம் கோட்டைச் சுவர்களைப் பிளந்துகொண்டு எழுகிறது.

முதல் வாசகர் பலர் நடுங்கினர். கேம்பிரிட்ஜில் இருந்த கவிஞர் தாமஸ் கிரே, இந்நூலைப் படித்த தம் நண்பர் வட்டத்தில் சிலர் கண்ணீர் சிந்தினர் என்றும், இரவில் படுக்கைக்குச் செல்லவே எல்லாரும் அஞ்சினர் என்றும் வால்போலுக்கு எழுதினார்.

1765ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இரண்டாம் பதிப்பு வந்தபோது வால்போல் திரையை விலக்கினார். நூல் தம்முடையதே என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். 'ஒரு கோதிக் கதை' என்னும் துணைத்தலைப்பையும் சேர்த்தார். இடைக்காலத்தையும் அதன் கட்டடக் கலையையும் குறித்த 'கோதிக்' என்னும் சொல் இலக்கிய வகையொன்றின் பெயராக மாறத் தொடங்கியது இங்கேதான்.

முதல் ஏமாற்றமும் இங்கேதான் பதிவாகிறது. 'மன்த்லி ரெவ்யூ' என்னும் திறனாய்வு இதழ் முதல் பதிப்பைப் பழங்கால நூலாகக் கருதிப் பாராட்டியிருந்தது. இரண்டாம் பதிப்பைக் கண்டதும் அதன் குரல் மாறியது. பழைய நூல் என்றால் அக்கால மூடநம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம். கல்வி வளர்ந்த இக்காலத்தவர் ஒருவரே இப்படி எழுதினார் எனின் அந்தச் சலுகையை எப்படித் தருவது என்பது அதன் வாதம். நூலில் சொல்லளவில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. மாறியது ஒன்றே: வாசகர் தாம் எத்தகைய நூலைப் படிக்கிறோம் என்று கொண்டிருந்த நம்பிக்கை. ஆகவே ஏமாற்றம் நூலுக்குள் மட்டும் இருப்பதில்லை. நூல் அளித்த வாக்குறுதிக்கும் அது தந்த பொருளுக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கிறது என அறிகிறோம்.

ஏமாந்த வாசகி எழுதிய முன்னுரை

ஒட்ரான்டோவை முதன்முறை படித்தபோது நாமும் ஏமாந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பேய்ப் புதினங்களுக்கெல்லாம் தாய் எனக் கேள்விப்பட்டு நடுங்க ஆயத்தமாக அமர்ந்த நமக்கு, முற்றத்தில் வந்து விழுந்த தலைக்கவசம் சிரிப்பையே வரவழைத்தது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் படிப்பதால் இப்படித் தோன்றுகிறதோ என ஐயுற்றோம். அவ்வாறில்லை என்பதைக் கிளாரா ரீவ் நமக்கு உணர்த்தினார்.

கிளாரா ரீவ் 1729இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் ஒரு சமயகுருவின் மகளாகப் பிறந்தவர். 1777இல் 'அறத்தின் காவலன்' என்னும் பொருள்தரும் தலைப்பில் ஒரு புதினத்தை வெளியிட்டார். அதுவே மறு ஆண்டு 'பழைய ஆங்கிலப் பிரபு' எனப் பெயர் மாற்றம் பெற்று வந்தது. அதன் முன்னுரையில் தம் நூல் ஒட்ரான்டோவின் வழித்தோன்றல் என்று நன்றியோடு கூறுகிறார். வால்போலின் கதையமைப்பு, பாத்திரங்கள், நடை ஆகியவற்றைப் பாராட்டுகிறார். அதன்பின் தமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைக் காரணங்களோடு முன்வைக்கிறார்.

அவர் வாதத்தின் சாரம் இது. ஆவி ஒன்று தோன்றுவதை நாம் கற்பனை செய்ய முடியும்; மந்திர வாளையும் மந்திரக் கவசத்தையும்கூட ஏற்க முடியும். ஆனால் அவை நம்பத்தக்க எல்லைக்குள் நிற்க வேண்டும். நூறு பேர் தூக்கும் வாள், தன் எடையாலேயே முற்றத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் தலைக்கவசம், சட்டத்திலிருந்து இறங்கி நடக்கும் ஓவியம், துறவியின் முக்காடிட்ட எலும்புக்கூடு ஆகியவை எழுப்ப நினைத்த உணர்வையே அழித்துவிடுகின்றன. எதிர்பார்ப்பு உச்சிக்கு ஏறிய நேரத்தில் சிரிப்பு வந்து விடுகிறது. நூலின் மயக்கம் இறுதிவரை நீடிக்க வேண்டுமென விரும்பியிருந்த தமக்கு, அது நடுவிலே கலைந்தது வியப்பையும் வருத்தத்தையும் தந்தது என்கிறார். வேறு வாசகர் சிலரும் அதே ஏமாற்றத்தைத் தம்மிடம் ஒப்புக்கொண்டதாகவும் குறிப்பிடுகிறார்.

இறுதியாக அவர் கூறும் ஒரு கருத்தை ஆசிரியர்களாகிய நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். இந்நூலில் அழகுகள் மிகப் பலவாதலால் அதன் குறைகளை நம்மால் தாங்க முடியவில்லை. அது முற்றும் நிறைவாய் இருக்கவேண்டும் என ஏங்குகிறோம் என்கிறார். பிடிக்காத நூலில் எவரும் ஏமாறுவதில்லை. அதை மூடி வைத்துவிடுவர். ஏமாறுவதற்கு முதலில் நம்பியிருக்க வேண்டும்.

ரீவ் சுட்டிய குறையைத் தமிழ் மரபின் கண்கொண்டும் விளக்க இயலும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்துக் கூறுகிறது. அச்சம் பிறக்கும் இடம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் இடமும் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். வால்போல் வாக்களித்தது அணங்கு; தந்ததோ அளவின் பெருமை. ஆகவே அச்சம் எழவேண்டிய இடத்தில் மருட்கை எழுந்தது; மருட்கை நீடிக்காதபோது அது நகையாக இழிந்தது. ரீவ் தொல்காப்பியத்தை அறிந்திருக்க வழியில்லை. எனினும் ஒரு மெய்ப்பாட்டின் களனில் வேறொன்று புகுந்துவிட்டது என்பதே அவர் கண்ட குறை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நம் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழட்டு உண்கின்றனவே, அவற்றின் பசியும் ஆரவாரமும் நமக்குச் சிரிப்பை வரவழைக்கின்றனவே, அங்கு நாம் ஏமாறுவதில்லையே என்று கேட்கலாம். உண்மை. செயங்கொண்டார் நம்மை இரவில் தூங்கவிடாமல் செய்வதாக வாக்களிக்கவில்லை. குலோத்துங்கனின் வெற்றியைப் பாடவே பேய்களை அழைத்தார். அச்சமும் நகையும் கலந்த அக்களியாட்டம் பரணிக்கு உரியதே. நூல் நூலாக வாக்குறுதி வேறுபடுகிறது. எதற்காகச் சிரித்தோம் என்பதைவிட, எதை எதிர்பார்த்திருந்தபோது சிரித்தோம் என்பதே வினா.

ரீவ் தம் ஏமாற்றத்தைச் சொல்லியதோடு நில்லாமல் திருத்தியும் காட்டினார். அவர் நூலில் எட்மண்ட் என்னும் இளைஞன், பாழடைந்த கிழக்குப் பகுதி அறைகளில் மூன்று இரவுகள் தங்கும்படி பணிக்கப்படுகிறான். பின்னர் அங்கே முழுக்கவசம் அணிந்த ஆவி ஒன்று தோன்றி, பொய்யர் இருவரை வெளியேறுமாறு சைகை காட்டுகிறது. அந்த அளவோடு ஆவி நின்றுவிடுகிறது. தரைப்பலகையின் கீழ்க் கொலையுண்டவரின் எலும்புகள் கிடைக்கின்றன. மீதிக் கதையில் குற்றம் வெளிப்படுவதும் சொத்து உரியவனைச் சேர்வதும் ஒழுங்காக நடைபெறுகின்றன.

வால்போல் இதனைப் படித்தார். இப்போது ஏமாறும் முறை அவருடையதாயிற்று. ஒட்ரான்டோவை அறிவுக்கும் நடப்பியலுக்கும் இறக்கிவிட்டார்கள், இதைவிட நீதிமன்றத்தில் நடக்கும் எந்தக் கொலை வழக்கும் சுவையாக இருக்கும் என்று 1778இல் ஒரு கடிதத்தில் எள்ளி எழுதினார். எள்ளலில் கசப்பு உண்டெனினும் உண்மையும் உண்டு. ரீவின் நூலின் பிற்பகுதியில் நில உரிமையும் இழப்பீடும் பேசியே பக்கங்கள் நகர்கின்றன. மிகையால் வந்த ஏமாற்றத்தை அவர் நீக்கினார். குறைவால் வரும் ஏமாற்றம் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

கருந்திரைக்குப் பின்னால்

ஒட்ரான்டோ வெளிவந்த அதே 1764ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர் ஆன் ராட்கிளிஃப். 1794 மே மாதத்தில் இவருடைய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நான்கு பாகங்களாக வெளிவந்தது. பதிப்பாளர் இதற்கு 500 பவுண்டு வழங்கினர். அக்காலப் புதினம் ஒன்றுக்கு அது வியப்பூட்டும் தொகை. வாடகைக்கு நூல் வழங்கும் நூலகங்கள் பெருகியிருந்த காலம் அது. பலர் ஒரு பாகத்தைப் படித்து முடித்து, அடுத்த பாகம் கைக்கு வரும்வரை காத்திருந்தனர்.

எமிலி என்னும் பெற்றோரை இழந்த இளம்பெண், அத்தையின் கணவனான மாண்டோனியால் இத்தாலிய மலைத்தொடரிலுள்ள உடால்ஃபோ கோட்டைக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே ஓர் அறையில் கருந்திரையிட்டு மூடிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப்பற்றிப் பணிப்பெண் அச்சத்தோடு பேசுகிறாள். இரண்டாம் பாகத்தில் எமிலி தனியே சென்று திரையை விலக்குகிறாள். உள்ளே இருப்பது ஓவியமன்று என உணர்ந்த மாத்திரத்தில் மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன? ஆசிரியர் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கடந்து நான்காம் பாகத்தின் முடிவை நெருங்கும்போதுதான் சொல்கிறார். அது மெழுகுச் சிலை. உடால்ஃபோ குடும்பத்து முன்னோர் ஒருவருக்குத் தவமாக விதிக்கப்பட்டது அது. நாள்தோறும் குறித்த நேரம், புழுவரித்த பிணத்தின் வடிவில் செய்யப்பட்ட அச்சிலையைப் பார்த்து இறப்பை நினைக்க வேண்டும் என்பது கட்டளை.

நூலின் பிற மர்மங்களும் இவ்வாறே தீர்கின்றன. பேய் உலவும் அறையில் இரவு தங்கிய லுடோவிக்கோ என்னும் பணியாள் காலையில் மறைந்துவிடுகிறான். அவனைக் கொண்டுபோனது பேயன்று. கோட்டையின் நிலவறையில் கொள்ளைப் பொருளைப் பதுக்கி வைத்திருந்த கடற்கொள்ளையர். பேய் பற்றிய அச்சத்தை வளர்த்ததும் அவர்களே. மீண்டும் தொல்காப்பிய வரிசையை நினைவுகூர்வோம். அணங்கை எதிர்பார்த்த வாசகர் கையில் ராட்கிளிஃப் கள்வரைக் கொடுத்தார்.

வாசகர் நன்றியும் கூறினர், முணுமுணுக்கவும் செய்தனர். 1794இலேயே 'கிரிட்டிகல் ரெவ்யூ' இதழ் நூலின் ஆற்றலைப் பாராட்டிவிட்டு, ஆவல் மிக உயரத் தூண்டப்பட்டதால் அதற்கு ஈடான நிறைவை எதுவும் தர இயலாமற் போயிற்று என்ற கருத்தை எழுதியது. 1824இல் ராட்கிளிஃபின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிய சர் வால்ட்டர் ஸ்காட்டும், அவர் தரும் விளக்கங்கள் அவர் எழுப்பிய மர்மங்களுக்கு ஈடாகவில்லை என்றார்.

ராட்கிளிஃப் ஏன் அவ்வாறு செய்தார்? அச்சத்தில் இரு வகை உண்டென அவர் கருதினார். உள்ளத்தை விரியச் செய்து அதன் ஆற்றல்களை எழுப்பும் அச்சம் ஒன்று. உள்ளத்தை உறையச் செய்து சுருக்கும் கொடூரம் மற்றொன்று. அவர் மறைந்தபின் 1826இல் வெளியான கட்டுரை ஒன்றில் இவ்வேறுபாடு விளக்கப்பட்டுள்ளது. திரை மூடியிருக்கும்வரை உள்ளம் விரிகிறது, திறந்துவிட்டால் சுருங்குகிறது. அவர் கலையின் சிறப்பும் அவர் வாசகரின் ஏமாற்றமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. எமிலி அறியாமையால் அஞ்சினாள், அறிவால் தெளிந்தாள் என்று காட்டுவதே அவர் நோக்கம். வாசகர் விரும்பியதோ தெளிவன்று, நடுக்கம்.

நடுக்கத்தை வேண்டியவர்க்கு 1796இல் மாத்யூ லூயிஸ் 'துறவி' என்னும் புதினத்தைத் தந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. உடால்ஃபோவை வியந்து படித்தவர்தாம் அவர். ஆயினும் தம் நூலில் எந்தப் பேயையும் மெழுகாக்கவில்லை. அலகை நேரில் வருகிறது. குருதி தோய்ந்த கன்னித்துறவியின் ஆவி நள்ளிரவில் படுக்கையருகே வந்து நிற்கிறது. பலர் அருவருத்தனர், இன்னும் பலர் வாங்கிப் படித்தனர். மறு ஆண்டு ராட்கிளிஃப் 'இத்தாலியன்' என்னும் புதினத்தை வெளியிட்டு, பேயின்றியே அச்சத்தை எழுப்பலாம் என்று மறுமொழி தந்தார். காட்டுவதா, மறைப்பதா என்னும் இவ்வழக்கு இன்றைய திகில் திரைப்படம் வரை முடிவுறாமல் தொடர்கிறது.

அலமாரியில் கிடந்த சலவைக் கணக்கு

இவ்வரலாற்றின் அழகிய திருப்பம் ஜேன் ஆஸ்டினுடையது. 'நார்தாங்கர் மடம்' என்னும் அவருடைய புதினத்தை 1803இல் ஒரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கி அச்சிடாமலே வைத்திருந்தார். பின்னர் அது மீட்கப்பட்டு, ஆஸ்டின் மறைந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்தது.

அதன் தலைவி காதரின் பதினேழு வயதுப் பெண். உடால்ஃபோவின் தீவிர வாசகி. கருந்திரைக்குப் பின்னால் எலும்புக்கூடுதான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டாம் எனத் தோழியிடம் வேண்டுகிறாள். பின்னர் தில்னி குடும்பத்தின் விருந்தினராக, முன்னாளில் மடமாயிருந்த அவர்களுடைய மாளிகைக்குச் செல்கிறாள். புயல் வீசும் இரவில் தன் அறையிலிருந்த கறுப்பு அலமாரியைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்த தாள்களைக் காண்கிறாள். மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. இரவெல்லாம் நடுங்கிக் கிடந்து விடிந்ததும் பிரித்துப் பார்த்தால், அவை சலவைத் துணிகளின் கணக்கு!

இங்கே ஏமாறுபவள் கதைமாந்தர், சிரிப்பவர் வாசகர். ரீவ் குறையாகக் கண்ட நகையை ஆஸ்டின் தம் நூலின் நோக்கமாகவே ஆக்கிக்கொண்டார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வீட்டுத் தலைவரான தளபதி தில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று காதரின் ஐயுறுகிறாள். அவருடைய மகன் ஹென்றி அதை அறிந்து கடிந்துரைக்க, அவள் வெட்கி அழுகிறாள். பேய்க்கதைகள் தன்னை ஏமாற்றிவிட்டன என உணர்கிறாள். சில நாளில், அவள் செல்வக் குடும்பத்தவள் அல்லள் என அறிந்த அத்தளபதி, காரணமும் சொல்லாமல், காலையில் தனியே எழுபது மைல் பயணத்திற்கு அவளை வீட்டைவிட்டு அனுப்புகிறார். கொலைகாரர் அல்லர்தான், ஆயினும் அவரைக் கண்டு அவள் உள்ளம் அஞ்சியது முற்றிலும் பிழையில்லை.

இப்போது அச்சத்தின் நான்காம் களனை நினைவுகூர்வோம்: தம்மை ஆளும் இறை. திரும்பிப் பார்த்தால் தொடக்கம் முதலே அது அங்கிருந்தது. ஒட்ரான்டோவில் நம்மைச் சிரிக்கவைப்பது தலைக்கவசம். ஆனால் மகன் இறந்த அன்றே அவனுக்கென நிச்சயித்த பெண்ணைத் தனக்கெனத் துரத்தும் மான்ஃபிரெட் நம்மைச் சிரிக்கவைப்பதில்லை. உடால்ஃபோவில் மெழுகுச் சிலை ஏமாற்றுகிறது. ஆனால் மனைவியின் சொத்தைப் பறிக்க அவளை அடைத்து வைக்கும் மாண்டோனியின் கொடுமை எந்த விளக்கத்தாலும் கரைவதில்லை. பேய் நம்மை ஏமாற்றிய பின்னும் நூலில் எஞ்சியிருக்கும் அச்சம் எதுவோ, அதுவே அந்நூலின் மெய்யான பொருள். ஏமாற்றத்தோடு நூலை மூடிவிட்டவர் இதைக் காண்பதில்லை. ஏமாந்த இடத்தில் நின்று, ஏன் ஏமாந்தோம் என்று வினவியவரே காண்கிறார்.

வகுப்பறைக்கு ஒரு விண்ணப்பம்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நமக்கு மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. மூன்றும் கிளாரா ரீவ் தம் முன்னுரையில் விடைகண்ட வினாக்களே. முதலாவது: நூல் உனக்கு என்ன வாக்களித்தது? தலைப்பு, அட்டைப் படம், முதல் அத்தியாயம் ஆகியவை எந்த மெய்ப்பாட்டை எதிர்பார்க்கச் செய்தன? இரண்டாவது: எந்த இடத்தில் மயக்கம் கலைந்தது? மாணவர் பக்கத்தைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டட்டும். அங்கே மிகையா, குறைவா, அணங்கின் இடத்தில் கள்வரா என்பதை ஆராயட்டும். மூன்றாவது: நீ எழுதியிருந்தால் அவ்விடத்தை எவ்வாறு அமைப்பாய்? இம்மூன்றாம் வினாவிற்கு விடையெழுதத் தொடங்கும் மாணவர், தாம் அறியாமலே திறனாய்விலிருந்து படைப்புக்கு வந்துவிடுகிறார்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஏமாற்றம் தொடக்கமே அன்றி இறுதித் தீர்ப்பாகாது. ரீவ் குறையெல்லாம் களைந்து எழுதிய நூலைவிட, குறைமலிந்த ஒட்ரான்டோவே இன்றும் மிகுதியாகப் படிக்கப்படுகிறது. நம் ஏமாற்றத்திற்கு நூலும் காரணமாகலாம். நம் எதிர்பார்ப்பும் காரணமாகலாம். எது என்பதை ஆராயும் நேர்மை வாசகருக்கு வேண்டும்.

இந்நாட்டில் தமிழ் நூலைக் கையிலெடுக்கும் ஒவ்வோர் இளைஞரும் நமக்கு அரியவர். அவர் ஏமாந்தேன் என்று சொல்லும்போது நம் நெஞ்சு சற்றுத் துணுக்குறுகிறது. இனித் தமிழ் நூலே வேண்டாம் என்றுவிடுவாரோ என அஞ்சி, அவசரமாக நூலைத் தாங்கிப் பேசுகிறோம். அந்த அவசரமே அவரை அகற்றிவிடக்கூடும். உணராத நயத்தைப் பாராட்டும்படி பழக்கப்பட்டவர், தேர்வு முடிந்ததும் நூலை விட்டுவிடுவார். உணர்ந்த ஏமாற்றத்தைச் சொல்ல இடம்பெற்றவர், அடுத்த நூலில் தாம் தேடுவது இன்னதென அறிந்து வருவார்.

ஆகவே, "ஏமாந்துவிட்டேன், ஐயா" என்று சொல்லி நூலை நீட்டும் மாணவரிடம் நாம் நாற்காலியொன்றை இழுத்துப்போட்டு, "உட்கார், எந்தப் பக்கத்தில்?" என்று கேட்போமாக.